ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்துவிட்டால் போதுமா?

(விருதுநகரில் நடந்த லாரித் தொழிலாளர் கூட்டத்தில் மூத்த டிரைவர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பேச்சாளன் அல்ல. நாற்பது வருஷம் லாரி ஓட்டியவன். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைக்கு மைக் பிடிக்க வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வண்டிக்கு வரும் பையன்களை எப்படிப் பழக்க வேண்டும் என்று பேசும்படி சங்கத் தோழர்கள் கேட்டார்கள். அதை மட்டும் பேசுகிறேன்.

ராஜபாளையத்திலிருந்து மில் தொழிலாளித் தோழர்கள் வந்திருக்கிறார்கள். காரியாபட்டி, திருச்சுழிப் பக்கமிருந்து விவசாயக் கூலித் தோழர்கள் வந்திருக்கிறார்கள். லாரிக்காரன் சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இன்றைக்கு லாரிக்கு வருகிற பையன் யார்? வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருஷம் வீட்டை விட்டுக் கிளம்புகிறானே, அவன்தான். பட்டாசு ஆபீசுக்குப் போகாதே, உயிருக்கு உத்தரவாதமில்லை என்று தாய் தடுத்த பிறகு லாரி ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறானே, அவன்தான். உங்கள் பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எனக்குப் பதினாறு வயதில் இந்தத் தொழில். ஊரில் கண்மாய் வறண்டு கிடந்தது. அப்பா ஒரு டிரைவரிடம் கூட்டிக்கொண்டு போய், "இவனை ஆளாக்கிவிடுங்கள் அண்ணே" என்றார். அந்த அண்ணன் என்னை ஆளாக்கினார். எப்படி ஆளாக்கினார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் வேட்டியைத் துவைத்தேன். அவர் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டேன். பின்னால் வண்டி எடுக்கும்போது ஒரு சாண் தவறிச் சொன்னால் முதுகில் அறை விழும். மூன்று வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவிடவில்லை. ஆனால் அந்த மூன்று வருஷத்தில் வண்டி என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. தொப்பூர்க் கணவாய் இறங்கியதும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, சக்கரத்து டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்க் காட்டுவார். "அனல் அடிக்கிறதா? இதற்கு மேல் சூடேறினால் பிரேக் உன் பேச்சைக் கேட்காது" என்பார். அன்று சுட்ட சூடு இன்னும் கையில் இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அடியும் இருந்தது, அவமானமும் இருந்தது. அது திரும்பி வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் முதலாளிகள் என்ன செய்தார்கள்? அடியையும் அவமானத்தையும் ஒழிக்கவில்லை. க்ளீனரையே ஒழித்தார்கள்! ஒரு ஆள் பேட்டா மிச்சம், ஒரு ஆள் சம்பளம் மிச்சம். டிரைவரே ஏறி தார்ப்பாய் கட்ட வேண்டும், டிரைவரே இறங்கி டயர் பார்க்க வேண்டும், டிரைவரே ஓட்ட வேண்டும். பக்கத்து சீட் காலி. அந்தக் காலி சீட்டில்தான் தோழர்களே, நம் பள்ளிக்கூடம் இருந்தது. அது மூடப்பட்டுவிட்டது.

அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது? சட்டம் இருக்கிறது. சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வருஷமாவது இலகு வாகன லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019ல் எடுத்துவிட்டார்கள். படிக்க வழியில்லாத கூலி வீட்டுப் பையனுக்கு அதனால் கதவு திறந்தது; அதை நான் குறை சொல்லவில்லை. நல்ல பயிற்சி நிலையங்களும் இல்லாமல் இல்லை. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி நிலையம் இருக்கிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் கம்பெனி ராஜ்ய சர்க்காரோடு சேர்ந்து நடத்துவது இருக்கிறது. ஆனால் நம் பையன்களில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள்? மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கி வருகிறான். மைதானத்தில் காலி வண்டிதானே? லோடு ஏற்றிய வண்டி எப்படித் தள்ளும், மழையில் எப்படி வழுக்கும், வளைவில் தார்ப்பாய்க்குள் சரக்கு எப்படிச் சாயும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

கொஞ்சம் தொழில் பேசுகிறேன். மில் தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் தறியைப் பற்றி நீங்கள் பேசினால் நானும் கேட்பேன்.

கணவாய் இறக்கம். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போடாதே. டீசல் மிச்சமானால் முதலாளி உனக்குத் தருவது என்ன? பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினால் டிரம் காயும், லைனிங் பிடிக்காது, காற்றும் இறங்கிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டால் காற்று ஏறவே ஏறாது. வடக்கேயிருந்து வருகிறவனுக்குத் தொப்பூரில் இறக்கம். நம் சரக்கை இறக்கிவிட்டு, ரிட்டன் லோடு ஏற்றிக்கொண்டு, ஐந்தாறு நாள் தூக்கமில்லாமல் திரும்புகிறானே, அவனுக்கு அந்த இறக்கம் வருகிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே லாரி மோதி மனிதர்கள் மாண்டதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். மேற்கே ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகிறவனுக்கும் இதே பாடம்தான், ரோடு மட்டும் குறுகல்.

ஊருக்குள் ஓட்டுவது இன்னொரு பாடம். நெடுந்தூரம் ஓட்டுகிறவன்தான் பெரிய டிரைவர், டவுனுக்குள் ஓட்டுகிறவன் சின்ன டிரைவர் என்று நம்மவர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. சுத்த மடமை! சிவகாசி சந்துக்குள் காலண்டர் கட்டு ஏற்றி ரிவர்ஸ் எடுத்துப் பார், தெரியும். உன் இடது பக்கக் கதவுக்குக் கீழே ஒரு சைக்கிளோ, பள்ளிக்கூடப் பிள்ளையோ நின்றால் உன் கண்ணுக்குத் தெரியாது. முன்பு க்ளீனர் இறங்கி நின்று "ரைட்... ரைட்... ஹோல்டான்!" என்று கத்துவான். இன்று கத்த ஆளில்லை. ஆகவே தம்பி, சந்தேகம் வந்தால் நீயே இறங்கிப் பார். பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அடித்துக்கொண்டிருக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் இறங்கிப் பார்த்ததால் யாரும் கெட்டுப்போனதில்லை.

இனி நம் வட்டாரத்துக்கே உரிய பாடம். நாம் ஏற்றுவது மிளகாயும் பருப்பும் எண்ணெய் டின்னும் நூல் கட்டும் மட்டுமல்ல. தீப்பெட்டி ஏற்றுகிறோம், பட்டாசு ஏற்றுகிறோம், அவற்றுக்கான ரசாயனமும் ஏற்றுகிறோம். பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் ஒரே வண்டியில் ஏற்றச் சொன்னால் ஏற்றாதே. சாக்கு கிழிந்து இரண்டும் கலந்தால் உரசலே போதும். அலுமினியப் பவுடரில் ஈரம் பட்டால் தானே சூடேறும். அது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, காய்ந்த மணல்தான். பட்டாசுப் பெட்டியை வீசி ஏற்றக் கூடாது, இரும்புக் கொக்கி போட்டு இழுக்கக் கூடாது. பேட்டரி வயர் தோல் உரிந்திருக்கிறதா என்று புறப்படும் முன் பார்க்க வேண்டும். டீக்கடை அடுப்பை ஒட்டி நிறுத்தாதே. ஜனக்கூட்டத்தை விட்டுத் தள்ளி நிறுத்து. பீடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. வண்டியில் தீப்பெட்டியே ஆயிரக்கணக்கில் இருக்கிறது, சட்டைப் பையில் ஒன்று எதற்கு?

அபாயச் சரக்கு ஏற்றும் டிரைவருக்குத் தனிப் பயிற்சி, மூன்று நாள் வகுப்பு, லைசென்சில் தனிப் பதிவு வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. ஒரு இந்திய மொழியும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. சரக்கு அனுப்புகிறவர், அது என்ன, தீப்பிடித்தால் என்ன செய்வது என்று முழு விவரம் தர வேண்டும். அது எழுத்தில் டிரைவர் கேபினில் இருக்க வேண்டும். விதி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று நாள் வகுப்புக்குப் போனால் மூன்று நாள் பேட்டா யார் தருவது? பில்லில் ஒன்று, தார்ப்பாய்க்குள் வேறொன்று என்றால் டிரைவருக்கு எப்படித் தெரியும்? "என்ன சரக்கு அண்ணாச்சி?" என்று கேட்டால், "உனக்கெதற்கு அது, ஓட்டு" என்கிறார்கள். கேட்க வேண்டும் தம்பி. அதைக் கேட்பதுதான் தொழில்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள சிவகாசியிலிருந்து கல்கத்தா போனார்கள். மாதக் கணக்கில் அங்கே தங்கிக் கற்றுக்கொண்டு வந்து 1923ல் தொழில் தொடங்கினார்கள். இந்த வட்டாரத்துத் தொழிலே கூட இருந்து கற்றதில் பிறந்தது! கற்க நாள் பிடிக்கும் என்று அன்று தெரிந்திருந்த ஊரில், இன்று இருபது வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்து, "நாளைக் காலை ஒசூரில் இருக்க வேண்டும்" என்கிறார்கள்.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். இதுதான் பெரிய சங்கதி.

நம் ஊரிலிருந்து டில்லி 2,500 கிலோமீட்டருக்கு மேல். சராசரி மணிக்கு 45 கிலோமீட்டர் என்று வையுங்கள். நின்று போவதையெல்லாம் சேர்த்தால் அதற்கு மேல் வராது. ஐம்பத்தைந்து மணி நேரம் ஸ்டியரிங்கில் உட்கார வேண்டும். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் ஐந்தரை நாள். மூன்றரை நாளில் வா என்றால் என்ன அர்த்தம்? நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓட்டு என்று அர்த்தம். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் பட்டாசு, அது முடிந்ததும் காலண்டர், வருஷம் பூராவும் தீப்பெட்டி. ஆகவே ஓய்வுக்குக் காலமே கிடையாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. மூன்று விநாடி கண் அசந்தால் 66 மீட்டர் வண்டி தானாகப் போகிறது. விடியற்காலம் இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தூக்கத்தைக் கேட்கும். டீயும் பாக்கும் போட்டு அதை ஏமாற்ற முடியாது. இதைப் பையனுக்குச் சொல்ல வேண்டிய நாம் என்ன சொல்லிக்கொடுத்தோம்? புகையிலையை எந்தக் கன்னத்தில் ஒதுக்கினால் கண் மூடாது என்று சொல்லிக்கொடுத்தோம். வெட்கப்பட வேண்டாமா?

மார்க்ஸ் எழுதிய மூலதனத்தில் வேலை நாளைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதில் 1866ல் லண்டனில் நடந்த ஒரு விசாரணையைச் சொல்கிறார். பெரிய ரயில் விபத்து, நூற்றுக்கணக்கானோர் சாவு. ஒரு கார்டு, ஒரு எஞ்சின் டிரைவர், ஒரு சிக்னல்காரர், மூன்று பேரும் கூண்டில். கவனக்குறைவு என்று குற்றம். அவர்கள் சொன்ன பதில்: முன்பு எட்டு மணி நேர வேலை, பிறகு பதினாலாயிற்று, பதினெட்டாயிற்று, இருபதாயிற்று, விடுமுறைக் கூட்டம் வந்தால் நாற்பது, ஐம்பது மணி நேரம் இடைவிடாமல். தாங்களும் மனிதர்கள்தானே என்றார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாயிற்று. இன்றைக்கு நம் லாரி மோதினாலும் "டிரைவரின் கவனக்குறைவு" என்றுதானே பத்திரிகையில் வருகிறது?

நம் நாட்டிலும் சட்டம் வந்தது. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூரப் பாதையில் பத்து மணி, 54 மணி வரை. ஐந்து மணி நேரம் வேலை செய்வதற்குள் அரை மணி ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்று சொன்னது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஒரு லாரி, இரண்டு லாரி ஓனரிடம் வேலை பார்த்தவனை அது எட்டிப் பார்க்கவில்லை. பெரிய கம்பெனிகளோ வண்டிகளை வீட்டு ஆள் ஒவ்வொருவர் பேரிலும் பிரித்து எழுதித் தப்பித்தன. அந்தச் சட்டத்தை 2020ல் வேறு பல சட்டங்களோடு ஒரே தொகுப்பில் கரைத்தார்கள். அது 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. எட்டு மணி என்ற எழுத்து அதிலும் இருக்கிறது. எழுத்து என்றைக்கும் இருந்தது! ஐரோப்பாவில் நாலரை மணி ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு. எத்தனை மணி ஓட்டினான் என்பதை வண்டியிலுள்ள கருவியே பதிந்துவிடும், முதலாளி பொய்க் கணக்கு எழுத முடியாது. இங்கே வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க ஜி.பி.எஸ். மாட்டியிருக்கிறார்கள். "ஏன் நின்றாய்?" என்று போன் வருகிறது. "ஏன் இன்னும் நிற்கவில்லை?" என்று ஒரு தரமாவது வந்ததுண்டா? 2025 அக்டோபர் 1 முதல் செய்யப்படும் கனரக லாரிக்கு ஏ.சி. கேபின் கட்டாயமாகியிருக்கிறது. நல்லதுதான், வேண்டாமென்று சொல்வேனா? குளிர்ந்த கேபினில் பதினாறு மணி நேரத்தைப் பதினெட்டாக்கிவிடாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு எளிதாக வரவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பையன் என்னிடம் தொழில் பழக வந்தான். கரிசல் காட்டுக் கூலி வீட்டுப் பிள்ளை. கெட்டிக்காரன், மரியாதையானவன். இரண்டே டிரிப் என்னோடு வந்தான். பகலில் ஓட்டவைத்தேன், இரவில் ஓட்டவைக்கவில்லை. ஊர் திரும்பியதும் ஓனர் கூப்பிட்டார். "பையன் தேறிட்டானா?" என்றார். தேறவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அப்போது மகள் கலியாணத்துக்கு முன்பணம் தேவைப்பட்டது. அதை அவரிடம்தான் கேட்டிருந்தேன். "தேறிட்டான் அண்ணாச்சி" என்றேன். அடுத்த வாரம் அவனைத் தனியே அனுப்பினார்கள். போய் இறக்கி, அன்றே ஏற்றித் திரும்பியிருக்கிறான். திண்டுக்கல் தாண்டி, காலை நாலு மணி, ஓரத்தில் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதினான். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அவன் பெயர் எங்கள் ரிஜிஸ்தரில் இல்லை என்றார் ஓனர். சங்கம் நஷ்டஈட்டு வழக்கு நடத்தியது. வருஷக் கணக்கில் இழுத்துக் கொஞ்சம் பணம் கிடைத்தது. அவன் இன்று ஊரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தால் இன்றும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஓனரைத் திட்டிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். அவர் லாபத்துக்காகக் கேட்டார். அது அவர் குணம். நான் ஏன் சொன்னேன்? தனியாக நின்றேன், கை நீட்டி நின்றேன், ஆகவே சொன்னேன். நம் மூத்த டிரைவர்களில் பலர் இன்னொரு தப்பும் செய்கிறோம். தொழிலின் நெளிவு சுளிவைப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் குறைந்த சம்பளத்துக்கு அவனை வைத்துக்கொண்டு நம்மை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து ஒளித்துவைக்கிறோம். பயம் பொய்யல்ல, அப்படி நடக்கிறது. ஆனால் ஒளித்துவைத்ததால் யார் வேலை நிலைத்தது? அரைகுறையாகப் பழகியவனைத்தான் முதலாளி இன்னும் மலிவாக வாங்குகிறார். பையனுக்கும் நமக்கும் ஒரே பேட்டா என்று நிற்க முடிந்தால்தான் அந்தப் பயம் போகும்.

புதிய டிரைவருக்குக் கற்றுத்தர வேண்டிய கடினமான பாடம் கியரும் அல்ல, பிரேக்கும் அல்ல. "மாட்டேன்" என்று சொல்வது. 1976ல் சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்குக் குழந்தைகளை ஏற்றிப்போன பஸ் வெள்ளத்தில் அடித்துப்போய் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். விடியுமுன் குழந்தைகளை அள்ளிக்கொண்டு ஆபீஸ் வாசலில் சேர்க்க வேண்டும் என்ற அவசரம் யாருடையது? ஆற்றில் தண்ணீர் போகிறது, இறங்கமாட்டேன் என்று ஒரு டிரைவர் சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு வர முடியும் என்ற நிலைமை வேண்டாமா? ஓவர் லோடு ஏற்றமாட்டேன், இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் ஓட்டமாட்டேன், வகைதெரியாத சரக்கைத் தொடமாட்டேன்: இதையெல்லாம் ஒற்றை ஆள் சொன்னால் வேறு ஆள் வருவான். ஊரிலுள்ள டிரைவரெல்லாம் சொன்னால்?

சொல்ல முடியாது என்று நினைக்காதீர்கள். விபத்து நடந்து போலீசில் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்று புதிய குற்றச் சட்டத்தில் எழுதினார்கள். 2024 ஜனவரியில் வட நாட்டில் டிரைவர்கள் சாவியைத் தூக்கி வைத்தார்கள். பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. 2024 ஜூலை 1ல் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அடிபட்டவனைப் போட்டுவிட்டு ஓடுவது நியாயம் என்று யாரும் சொல்லவில்லை. தம்பிகளே, 108க்கு போன் செய். ஜனங்கள் அடிக்க வந்தால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல். கூட்டத்தின் ஆத்திரத்துக்குப் பயந்து நிற்க முடியாமல் போகலாம் என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே ஒப்புக்கொள்கிறது.

சங்கத்தின் கோரிக்கைகளை எழுதி வைத்திருக்கிறோம். புதிய டிரைவர் முதல் மூன்று மாதம் மூத்த டிரைவரோடுதான் போக வேண்டும், இருவருக்கும் பேட்டா. பழக்கும் மூத்தவருக்குக் கூடுதல் தொகை. தேறினான், தேறவில்லை என்று அந்த மூத்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. பட்டாசு லோடுக்குப் போகிறவனின் மூன்று நாள் வகுப்புச் செலவும் பேட்டாவும் ஓனர் பொறுப்பு. பழகும் காலத்தில் கண்ணாடி உடைந்தது, டயர் போனது என்று சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஓவர் லோடு அபராதம் இருபதாயிரத்திலிருந்து தொடங்குகிறது. அதை டிரைவர் தலையில் கட்டக் கூடாது. சில ஓனர்கள் இதற்கு இணங்குவார்கள், எனக்குத் தெரியும். ஒரு வண்டி கவிழ்ந்தால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள். மற்றவர்களிடம் பேச வேண்டியிருக்கும்.

ஓனர் இணங்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்க ஆபீசுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் ஒரு வண்டி நிற்கும். தார்ப்பாய் மடிக்கவும் கயிறு கட்டவும், சக்கரத்துக்குக் கட்டை போடவும், ரிவர்ஸ் சொல்லவும் காட்டித் தருவோம். மூத்த டிரைவர்கள் ஏழு பேர் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். யாரும் யாரையும் அடிக்கமாட்டோம். வேட்டி துவைக்கவும் சொல்லமாட்டோம். பழைய கயிறு இருந்தால் ஆளுக்கு ஒன்று எடுத்து வாருங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம்.